விருத்தாப்பியமும் தேகாப்பியாசமும்

முதுமையிலே தேகபலங் குன்றுமென்பதை யாவரும் அறிவர். ஆயின், தொண்ணூறு பிராயத்தை அணுகியவர் நாற்காலியினின்று எழுவதற்குப் பிறர் கையை நாடுவது வயதினால் மட்டுமே நேர்வதா, அன்றித் தசைகளுக்கு வேலையில்லாதொழிந்தமையாலும் நேர்வதா என்பது ஆராயத்தக்கது. "தாத்தா, நீங்கள் அசையவேண்டாம்" என்று நாம் அன்புடன் தடுப்பதே அவருக்குத் தீங்காய் முடியுமோ என்னும் ஐயமும் இதனுள் அடங்கியுள்ளது.

அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் மரியா பியாடரோன் என்னும் வைத்திய அம்மையாரும் அவர் துணைவரும் நடத்திய சோதனையொன்றின் முடிவு 1994-ம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஈடுபட்டோர் நூற்றுவர். சராசரி வயது 87. அவர்களை நான்கு வகுப்பாகப் பிரித்தனர். ஒரு வகுப்பார்க்குத் தேகாப்பியாசம், ஒரு வகுப்பார்க்குப் போஷணைப் பானம், ஒரு வகுப்பார்க்கு இரண்டும், எஞ்சியோர்க்கு இரண்டுமில்லை. பானம் 240 மில்லி லிட்டர். அது 360 கலோரி தரவல்லது.

அப்பியாசமோ சிறுபிள்ளை விளையாட்டன்று. ஒருவர் ஒருமுறை மாத்திரம் உந்தித் தூக்கக்கூடிய பாரம் எவ்வளவோ அதில் நூற்றுக்கு 80 பங்கைக் கால்களால் மெதுவாய்ப் பலமுறை உயர்த்துதல் வேண்டும். வாரத்தில் மூன்று நாள், பத்து வாரம் இவ்வாறு செய்தனர். பலம் ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினர். முறையின் உயிர்நிலை இதுவே. எளிய பாரத்தைச் சுமந்த தசை மேலும் வளர்தற்குக் காரணமில்லையன்றோ?

அப்பியாசஞ் செய்தோரின் தசைவலிமை நூற்றுக்கு 113 வீதம் பெருகிற்று. செய்யாதார்க்கு 3 வீதமே. நடையின் வேகமும் படியேறும் ஆற்றலும் உயர்ந்தன. பானமோ தனியே யாதொரு பயனும் விளைக்கவில்லை. அதைப் பருகி வாளாவிருந்தோர் வேளையுணவைக் குறைத்துக்கொண்டனர். அப்பியாசத்தோடு பருகினோர்க்கே மொத்த ஆகாரம் மிகுந்தது. உழைக்கும் உடம்பே பசிக்கும் போலும்! இதனால் ஊட்டம் வீணென்று கொள்ளலாகாது. உணவு குறைந்து மெலிந்தவர்க்கு அது வேண்டியதே. புட்டியிலுள்ள பானம் உழைப்பின் இடத்தை நிரப்பாதென்பதே இங்குத் தெளிவாவது.

இத்தகைய பயிற்சியை வைத்தியர் சோதித்த பின்னரே, அறிந்தவர் அருகிருக்கத் தொடங்கல்வேண்டும். பியாடரோன் அம்மையார் 1990-ல் வெளியிட்ட முந்திய சிறு ஆராய்ச்சியில், தொண்ணூறு வயதையொட்டியோர் எட்டு வாரம் பயின்றபின் இருவர் கைத்தடியை விட்டு நடந்தனர். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரஞ் சென்றதும் அவர்கள் அடைந்திருந்த உச்ச வலிமையில் நூற்றுக்கு 32 வீதம் குறைந்துபோயிற்று.