பெட்டி கட்டும் முன் போங்கள்: தீவகத் தம்பதிகளுக்கு

உளவளத்துணை என்றால் பிரியப் போகிறவர்களுக்கு என்று நினைத்தே பலர் பிந்திவிடுகிறார்கள். சண்டை சின்னதாக இருக்கும்போதே போங்கள்.

செய்ய வேண்டியவை

• பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் வரும் நாளை இன்றே கேளுங்கள். நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, வேலணை மூன்றிலும் செயலகம் உண்டு, நயினாதீவுக்கு வேலணை.

• நீங்கள் சொல்வது வெளியே போகாது என்பதை முதல் நாளே உறுதிப்படுத்துங்கள். சின்னத் தீவில் கதை கெதியாகப் பரவும். ஊருக்குள் கூச்சமென்றால் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணை நிலையம் இருக்கிறது.

• நெடுந்தீவார், அடுத்த சந்திப்பைப் போனிலும் வைக்கலாமா என்று கேளுங்கள். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். காற்று நாளில் படகு ஓடாது.

• கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "நான் தொழிலுக்குப் போனால் இரவில பயமாக் கிடக்கு எண்டுறீர், அதுதானே?" டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மன் குழு உருவாக்கிய 'பிரெப்' பயிற்சியில் தம்பதிகள் பழகுவது இதைத்தான். பதில் சொல்லும் அவசரம் இதில் அடங்கிவிடும்.

• கோபம் ஏறினால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு 20 நிமிடமாவது விலகுங்கள். படபடப்பு அடங்க அவ்வளவு நேரம் வேண்டும் என்கிறார் ஆய்வாளர் ஜோன் கொட்மன்.

• சீட்டு, அடகு, லோன், வெளிநாட்டுக் காசு எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் இருவரும் எழுதுங்கள். ஒளித்த அடகுத் துண்டு ஒருநாள் அகப்படும்.

செய்யக்கூடாதவை

• அடி விழும் வீட்டிலிருந்து சேர்ந்து ஆலோசனைக்குப் போகாதீர்கள். அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். தனியாகப் போங்கள், 1938 என்ற இலக்கத்தில் மகளிர் உதவிச் சேவையை அழையுங்கள். 2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். "பொறுத்துப் போ" என்பவர்களின் சொல்லைக் கேட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

• சீதனத்தையும் தாய்வீட்டையும் இழுத்து இகழாதீர்கள். பிரிவுக்கு முன்னோடியாகக் கொட்மன் கண்டவற்றில் இகழ்ச்சியே மோசமானது.

• குடித்திருப்பவரோடு கணக்குத் தீர்க்காதீர்கள், விடிந்ததும் கதையுங்கள்.

• லண்டன், கனடா உறவுகளுக்கு வொய்ஸ் அனுப்பாதீர்கள். நீங்கள் சமாதானமான பிறகும் அவர்கள் கோபம் ஆறாது.

• பிள்ளையைத் தூது விடாதீர்கள்.

• ஒரே அமர்வோடு நிறுத்தாதீர்கள். முதல் நாள் முறைப்பாட்டைக் கொட்டவே போய்விடும்.

• "செத்துப்போவன்" என்ற சொல்லை வெருட்டு என்று விடாதீர்கள். பக்கத்தில் இருங்கள், மருந்துப் போத்தல்களை அகற்றுங்கள், 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையை உடனே அழையுங்கள்.