செங்காந்தளும் கலப்பைக் கிழங்கும்

கெடா மாநிலத்தின் மெர்போக், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இங்குதான் இருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என வகுத்த தமிழரின் கணக்கில் மெர்போக்கும் குறிஞ்சி நிலமே. அந்நிலத்துக்குரிய பூக்களுள் சங்கப் புலவர்கள் விரும்பிப் பாடிய ஒன்று செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகக் குறிப்பிடுகிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பது இப்பூவே.

செங்காந்தள் ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா எனப் பரந்த நிலப்பரப்பில் தானாக வளரும் காட்டுக்கொடி. மலாய்க்காரர்கள் இதனைக் 'கெம்பாங் சுங்சாங்' என்பர். 'சுங்சாங்' என்றால் தலைகீழ் என்று பொருள். பூவைப் பார்த்தவர் வைத்த பெயர்தான் அது. மொட்டு தலைகுனிந்து தொங்கும். மலரும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, தீச்சுடர்போல் மேல்நோக்கி நிற்கும். முதலில் பச்சையாக இருக்கும் இதழ்கள், மஞ்சளாகிப் பின்னர்ச் செந்நிறம் பெறும். இதன் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். அதைக் கொண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொண்டு கொடி மேலேறும்.

மண்ணுக்கு மேலே இத்தனை அழகு. மண்ணுக்குக் கீழே இருப்பதோ நஞ்சு. இதன் கிழங்கு இரண்டாகப் பிரிந்து ஏர்க்கலப்பைபோல் வளைந்திருக்கும். ஆகவேதான் உழவர்கள் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயரிட்டனர். கண்வலிக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் அழைப்பர்.

முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்த இக்கொடியைத் தாவரவியலாளர்கள் இப்போது கொல்கிக்கேசியே என்னும் குடும்பத்தில் வைத்துள்ளனர். கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள் இதன் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. உண்ணத்தக்க கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு உயிரிழந்தோர் உள்ளனர். உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உயிர் பிழைத்தவர்க்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டிவிடுவதுண்டு. கொல்கிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பதே இதற்குக் காரணம். விரைவாகப் பிரியும் உயிரணுக்கள்தாம் முதலில் பாதிக்கப்படுகின்றன.

வியப்பு என்னவென்றால், இதே பொருள் மருந்தாகவும் பயன்படுகிறது. மூட்டுகளில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து வலியும் வீக்கமும் தரும் 'கவுட்' நோய்க்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் கொல்கிசினைக் கொடுக்கின்றனர். விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கவும் இப்பொருள் உதவியது. கொல்கிசின் பட்ட தர்ப்பூசணிச் செடியில் குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அச்செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் கிடைக்கும் விதையை நட்டு வளர்க்கும் கொடியின் பழத்தில் முற்றிய விதை இராது.

தமிழ்நாடு அரசின் மாநில மலர் செங்காந்தள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் உழவர்கள் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். அவ்விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது. இப்பயிரில் மிகப் பெரிய வேலை மகரந்தச் சேர்க்கை. பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், மகரந்தம் எளிதில் சூல்முடியில் விழாது. காட்டில் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் செய்யும் இவ்வேலையைத் தோட்டத்தில் ஆள்கள் செய்கின்றனர். காலையில் பூவுக்குப் பூ சென்று கையாலேயே மகரந்தத்தைத் தடவுகின்றனர்.

நடுவதற்குக் கிழங்கு வேண்டும். விதையிலிருந்து முளைக்கும் செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் கிழங்கையே நடுகின்றனர். அதற்கு நல்ல விலை கிடைத்ததால், காடுகளிலும் வேலியோரங்களிலும் தானாக வளர்ந்தவற்றைப் பலர் தோண்டி விற்றனர். பூவைப் பறித்தால் கொடி அடுத்த ஆண்டும் தழைக்கும். கிழங்கைத் தோண்டினால் அவ்விடத்தில் எதுவும் மிஞ்சாது. கிழங்கின் கவட்டு நுனியில்தான் முளைக்கும் மொட்டு இருக்கிறது. அந்நுனி ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. எனவே, பயிரிடும் உழவர்கள் அறுவடைக்குப் பின் தங்கள் நிலத்துக் கிழங்குகளை நுனி ஒடியாமல் எடுத்து, அடுத்த நடவுக்காகப் பாதுகாத்து வைக்கின்றனர்.