வரி பூஜ்யம், பிறகு ஏன் நஷ்டம்?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பதால், சுற்றி வளைக்காமல் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபோது, இரு தரப்புச் சரக்குக்கும் சுங்கவரி பூஜ்யம் என்றுதானே ஒப்பந்தம் போட்டார்கள், பிறகு ஏன் நஷ்டம் நஷ்டம் என்று எழுதுகிறீர்கள் என்பது முதல் கேள்வி. ஒரு நாடு தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொள்ள நினைப்பது தப்பா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1973 ஜனவரி 1-ம் தேதி பிரிட்டன், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அன்று கிடைத்தது சுங்க ஒன்றியம்: உறுப்பு நாடுகளுக்குள் வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி. ஆனால், வரி போனாலும் லாரிகள் எல்லையில் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தர விதி, தனிச் சான்றிதழ், தனிச் சோதனை. இதை மாற்றப் பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் பிரதமர் மார்கரெட் தாட்சர். ஐரோப்பிய ஆணையத்துக்கு அவர் அனுப்பிய காக்ஃபீல்ட் பிரபு 1985-ல் ஒரு வெள்ளை அறிக்கை தயாரித்தார். எந்தெந்தத் தடைகளை நீக்க வேண்டும் என்று சுமார் 300 நடவடிக்கைகளை அது பட்டியலிட்டது. அதன் பலன்தான் 1993-ல் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சந்தை.

இதன் மதிப்பு உங்களுக்கு எளிதில் விளங்கும். 2017 ஜூலைக்கு முன்னால் வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைக் கோவை, திருப்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே சுங்கவரி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் மாநில வரிச் சோதனைக்காக லாரி நின்றது, டிரைவருக்குப் பேட்டா ஏறியது, சரக்குக்காகக் காத்திருந்தவர் கைபிசைந்தார். ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகுதான் அந்த நேரம் மிச்சமானது. ஒற்றைச் சந்தை ஐரோப்பாவுக்குச் செய்தது அதைவிடப் பெரிய அளவில் இதையேதான். பிரிட்டன் விட்டுவிட்டு வந்ததும் அதைத்தான்.

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேற வேண்டும் என்று வாக்களித்தார்கள். வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? ஒற்றைச் சந்தையில் நீடிக்கலாமா, சுங்க ஒன்றியத்தில் நீடிக்கலாமா என்று அதில் கேட்கவில்லை. அது வேறு கேள்வி. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி உறுப்பினர் இல்லை, ஆனால் தொழில் சரக்குகளுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அரசியல் அமைப்பைவிட்டு விலகி, சந்தையின் ஒரு பகுதியை வைத்துக்கொள்ள வழிகள் இருந்தன. 2017 ஜனவரி 17-ம் தேதி லங்காஸ்டர் மாளிகையில் ஆற்றிய உரையில், ஒற்றைச் சந்தையிலிருந்தும் வெளியேறுவோம் என்று பிரதமர் தெரேசா மே அறிவித்தார். மக்களிடம் நேரடியாகக் கேட்கப்படாத இந்த இரண்டாவது முடிவுதான் பொருளாதாரத்தை ஆழமாகத் தொட்டது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட கிரீன்லாந்து, 1982-ல் வாக்கெடுப்பு நடத்தி, 1985-ல் ஐரோப்பியச் சமூகத்தைவிட்டு விலகியது. மீன்தான் அதன் வாழ்வு. தன் கடலில் யார் மீன்பிடிப்பது என்பதைத் தானே முடிவுசெய்ய வேண்டும் என்பதே விலகலுக்கு முக்கியக் காரணம். ஆனால் விலகும்போதே, ஐரோப்பியப் படகுகளுக்கு அளவோடு மீன்பிடி உரிமை கொடுத்து, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு, தன் மீன் வரியில்லாமல் ஐரோப்பியச் சந்தைக்குப் போகவும் வழி செய்துகொண்டது. எது இல்லாமல் வாழ முடியாதோ அதை முதலில் பத்திரப்படுத்திக்கொண்டு பிறகுதான் வெளியே வந்தார்கள்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜனவரி 31-ல் சட்டப்படி விலகல். அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே தொடர்ந்தன. டிசம்பர் 24-ம் தேதிதான் வர்த்தக ஒப்பந்தம் முடிவானது. அடுத்த வாரமே, ஜனவரி 1-ல், அது நடைமுறைக்கு வந்துவிட்டது. வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் "பிரிட்டனில் உருவான" சரக்குக்கு மட்டும். இங்கேதான் உங்களுக்குத் தினமும் பழக்கமான ஒரிஜின் விதி வருகிறது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் பின்னலாடைக்குப் பேர் போனது. அங்கே ஒரு யூனிட்டில் இந்தியாவிலிருந்து வந்த பின்னல் துணியை வெட்டி டி-ஷர்ட் தைக்கிறார்கள் என்று வையுங்கள். 2020 வரை அது டப்ளினுக்கோ பாரிஸுக்கோ எந்தக் கேள்வியும் இல்லாமல் போனது. இப்போது விதி என்ன? நிட்டிங், கட்டிங், தையல் எல்லாம் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ நடந்திருந்தால்தான் வரி பூஜ்யம். துணி வெளியிலிருந்து வந்தால் அது பிரிட்டன் சரக்காகாது, வரி கட்டித்தான் உள்ளே போக வேண்டும். தைக்கவே தேவையில்லை, திருப்பூரில் முடிந்து வந்த டி-ஷர்ட்டை பிரிட்டனில் இறக்கி, வரி கட்டி, குடோனில் அடுக்கி, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது பெரிய கடைகளின் வழக்கம். அந்தச் சரக்குக்கு அயர்லாந்தில் மறுபடி வரி. பூஜ்யம் என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அந்தச் சரக்கின் பில்லில் இல்லை.

வரியே இல்லாத சரக்குக்கும் தாள்கள் உண்டு. இறைச்சி, மீன், பால் பொருள் எதுவானாலும் கால்நடை மருத்துவர் அல்லது சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒரு கன்டெய்னர் முழுக்கச் சீஸ் அனுப்பும் கம்பெனிக்கு அது சின்னச் செலவு. ஒரு லாரியில் பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து அனுப்பும்போது, ஒருவருடைய தாளில் ஒரு பிழை என்றால் பத்துப் பேர் சரக்கும் நிற்கும். அதனால் சிறியவர்களின் சரக்கைச் சேர்த்துக்கொள்ளவே லாரிக்காரர்கள் தயங்கினார்கள்.

இன்னும் நெருக்கமாக ஒன்று சொல்கிறேன். பிரிட்டனின் கடலோரத்தில் மட்டி, சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கடல்நீரின் சுத்தத்தைப் பொறுத்து அந்த இடங்களை ஏ, பி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பி தர நீரில் எடுத்ததைச் சுத்தமான நீர்த்தொட்டியில் வைத்துச் சுத்திகரித்த பிறகே விற்கலாம். முன்பு உயிரோடு அப்படியே நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் அனுப்புவார்கள், அங்கே உள்ள பெரிய தொட்டிகளில் சுத்திகரிப்பு நடக்கும். 2021 ஜனவரி 1 முதல் அப்படி அனுப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுத்திகரித்த பிறகே வர வேண்டும் என்பது ஒன்றியத்தின் நெடுநாள் விதி, பிரிட்டன் இப்போது வெளிநாடு. கடல் அதே கடல், மட்டி அதே மட்டி, வாங்குபவரும் அவரேதான். சுத்திகரிக்கத் தொட்டி கட்டப் பணமில்லாதவர்களுக்குத் தொழில் நின்றது.

அடிபட்டது யார் என்பதற்கு எண் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்துவந்த பிரிட்டிஷ் நிறுவனங்களில் சுமார் 16,400, அதாவது ஏறக்குறைய 14 சதவீதம், புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே அனுப்புவதையே நிறுத்திவிட்டன என்று லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2024-ல் கணக்கிட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அந்த அடி இல்லை. அவர்களிடம் தாள் பார்க்க ஒரு தனிப் பிரிவே இருக்கும், ஐரோப்பாவில் குடோனும் இருக்கும். இதில் இன்னொரு வேதனை: ஐரோப்பா முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை நடத்தியது. பிரிட்டனோ, கடைகளில் உணவுத் தட்டுப்பாடு வருமோ என்ற கவலையில், உணவுப் பொருள் மீதான தன் சோதனையைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து 2024-ல்தான் தொடங்கியது. ஆக, பிரிட்டிஷ் விவசாயி எல்லையில் சோதனைக்கு நின்ற ஆண்டுகளில், அவரோடு போட்டியிட்ட ஐரோப்பிய விவசாயி நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

மொத்தக் கணக்குக்கு வருகிறேன். பிரிட்டன் அரசின் நிதிநிலை மதிப்பீடுகளைச் செய்யும் தன்னாட்சி அமைப்பு, விலகலால் நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகால நோக்கில் 4 சதவீதம் குறையும், ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் 15 சதவீதம் குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. இன்றைய பொருளாதார அளவில் அந்த 4 சதவீதம் ஆண்டுக்கு 100 பில்லியன் பவுண்டுக்கு மேல். இது ஒரே நாளில் விழுந்த அடி அல்ல. இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய வளர்ச்சி வராமல் போனது. கடை மூடினால் எல்லோருக்கும் தெரியும், திறக்காமல் போன கடை யார் கண்ணிலும் படாது. நடுவில் கொரோனாவும், உக்ரைன் போரால் எகிறிய எரிசக்தி விலையும் சேர்ந்துகொண்டதால், எது எதனால் என்று பிரிப்பதும் கடினமானது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விலக வாக்களித்த உடனேயே பொருளாதாரம் சரியும், வேலைகள் பறிபோகும் என்று 2016-ல் பிரிட்டன் நிதி அமைச்சகம் எச்சரித்தது. பவுண்டின் மதிப்பு சரிந்தது உண்மை, ஆனால் எச்சரித்த பொருளாதாரச் சரிவு உடனே வரவில்லை. மிகைப்படுத்திய அந்த எச்சரிக்கை, பின்னால் வந்த நிதானமான கணக்குகளின் மீதும் மக்களுக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டது. பங்கு வர்த்தகத்தில் 2021 ஜனவரியில் லண்டனை ஆம்ஸ்டர்டாம் முந்தியது. ஆனாலும் சேவைத் துறை ஏற்றுமதி மொத்தத்தில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2025-ல் அமெரிக்கா வரி விதித்தபோது, பிரிட்டனுக்கு அடிப்படை வரி 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15 சதவீதம் என்று முடிந்தது. தனியாக இருந்ததன் பலன் அது, மறுக்க முடியாது.

தனி ஒப்பந்தங்களிலும் பலன் உண்டு, ஆனால் சின்னது. ஆஸ்திரேலியாவோடு போட்டதன் பலன், பிரிட்டன் அரசின் சொந்தக் கணக்கிலேயே, நீண்டகாலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.08 சதவீதம். பசிபிக் நாடுகளின் கூட்டில் சேர்ந்ததும் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான். இந்தியாவோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது இவற்றில் பெரியது, அதற்கே 0.13 சதவீதம். இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த 4 சதவீதத்தின் பக்கத்தில் வராது. காரணம் எளிது. டோவரிலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகம் சுமார் 40 கிலோமீட்டர், லாரி படகில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். தூத்துக்குடியிலிருந்து கப்பல் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். பக்கத்தில் இருப்பவரோடுதான் எந்த நாடும் அதிகம் வியாபாரம் செய்கிறது.

நமக்கு அந்த 0.13 சின்னதல்ல. வங்கதேசத்து ஆடைக்கு பிரிட்டனில் வரி இல்லை, நம் ஆடைக்குக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் என்ற நிலையில் விலை பேசி எத்தனை ஆர்டர்களைத் திருப்பூர் இழந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். புதிய ஒப்பந்தம் அந்த வரியை எடுக்கிறது. ஆனால் ஒரிஜின் விதி அதிலும் உண்டு. லெஸ்டர் கதையை நினைவில் வைத்து, உங்கள் நூலும் துணியும் எங்கிருந்து வருகின்றன என்ற கோப்பை இப்போதே ஒழுங்குபடுத்தச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தன் சட்டத்தைத் தானே எழுத நினைப்பது தப்பே இல்லை. சந்தர்லேண்ட் நகரத்தில் 61 சதவீதம் பேர் விலகலுக்கு வாக்களித்தார்கள். ஐரோப்பியச் சந்தையை நம்பி 1986-ல் வந்த நிஸான் கார் தொழிற்சாலைதான் அந்த ஊரின் பெரிய வேலைவாய்ப்பு. அறியாமையில் வாக்களித்தார்கள் என்று அவர்களைப் பழிப்பது எனக்கு உடன்பாடில்லை. கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடிப்போன ஊர், 2008-க்குப் பிறகு ஏறாத கூலி, எங்கோ தொலைவில் முடிவெடுப்பவர்கள் மீது சேர்ந்த கோபம், எல்லாமே உண்மை.

ஆனால் அந்தக் கோபத்துக்குக் கிடைத்த அதிகாரம் என்ன? 2025 மே 19-ல் லண்டனில் பிரிட்டனும் ஒன்றியமும் மறுபடி உட்கார்ந்தன. உணவுப் பொருள் சோதனையைக் குறைக்க, ஐரோப்பாவின் உணவு விதிகளை, அவை மாற மாற, பின்பற்றப் பிரிட்டன் சம்மதித்தது. தன் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்கும் அனுமதியை 2038 வரை நீட்டித்தது. விலகும்வரை அந்த விதிகளை எழுதும் மேசையில் பிரிட்டனுக்கு இடம் இருந்தது, வாக்கு இருந்தது. இப்போது விதி இருக்கிறது, வாக்கு இல்லை. வாங்குபவர் சொல்லும் தரத்துக்குத்தான் விற்பவர் தைக்க வேண்டும் என்பது பையரின் சோதனை ஆட்களைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த நாட்டிலும், நம் நாட்டில்கூட, ஒரு கூட்டைவிட்டு விலகலாம் என்றோ ஒரு கூட்டில் சேரலாம் என்றோ பேச்சு வரும்போது, வரி எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். விலகிய மறுநாள் எந்தத் தாள் புதிதாகத் தேவைப்படும், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார்கள், இனி விதியை எழுதுபவர் யார் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் வாக்குக் கேட்பவர் எந்தக் கட்சியானாலும், இன்னும் கேள்வியையே முழுதாகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்