பம்ப் ஸ்டவ்வில் ஊற்ற வேண்டியது எது?



மாமல்லபுரம் பக்கம் முகாம் போடும்போது சமையலுக்கு நம் கைக்கு வருவது, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த பித்தளை பம்ப் ஸ்டவ்தான். 1892-இல் ஸ்வீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்வே இதன் மூதாதை. 1911-இல் அமுண்ட்சென் தென் துருவம் போனபோது எடுத்துச் சென்றதும் இந்த வகை அடுப்புதான்.

இப்போது ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துவிட்டது. "கிடைக்கலைன்னா என்னப்பா, பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊத்திக்கலாம்" என்பவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்டவ் வேலை செய்யும் விதம்

பம்ப் அடித்தால் டேங்கில் காற்றழுத்தம் ஏறும். அது மண்ணெண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளும். சூடான பர்னரில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். பர்னரை முதலில் சூடாக்கவே கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிறோம்.

ஃபிளாஷ் பாயிண்ட்

லேபில் நாம் செய்யும் சோதனைதான். எந்த வெப்பநிலையில் எண்ணெயின் ஆவி தீயைக் காட்டியதும் 'பக்'கென்று பற்றுகிறதோ, அதுவே ஃபிளாஷ் பாயிண்ட். மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பெட்ரோலுக்கோ சுமார் மைனஸ் 40! மார்கழிப் பனியிலும் பெட்ரோல் ஆவி பற்றத் தயாராகவே இருக்கும்.

உண்மையான ஆபத்து எங்கே?

நம் ஸ்டவ்வை அணைக்க என்ன செய்கிறோம்? காற்றுத் திருகைத் திறந்துவிடுகிறோம். டேங்கின் காற்று 'புஸ்' என்று வெளியேறும். உள்ளே மண்ணெண்ணெய் இருந்தால் அந்தக் காற்றில் ஆவி குறைவு. பெட்ரோல் இருந்தாலோ, எரிகிற பர்னருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி பீறிடும். அணைக்கப் போன கையே முதலில் வேகும். பெட்ரோலுக்கென்றே செய்த கேம்ப் ஸ்டவ்களும் உண்டு. அவற்றின் அமைப்பே வேறு. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று எரிபொருளை மாற்றக்கூடாது.

டீசல் ஊற்றலாமா? வேண்டாம். புகையும் கரியும் சேர்ந்து நிப்பிளை அடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே ஃபிளாஷ் பாயிண்ட் இறங்கிவிடும். பெட்ரோல் வாடை வந்தால் அந்த எண்ணெயைத் தொடாதீர்கள்.

2. செங்கல்பட்டு கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நல்ல மண்ணெண்ணெயும் பற்றும் நிலைக்கு வந்துவிடலாம். ஆகவே ஸ்டவ்வை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில் ஊற்றுங்கள். டேங்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

3. ஸ்பிரிட் எரிந்துகொண்டிருக்கும்போது மேலும் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. தீ பாட்டிலுக்குத் தாவும்.

4. மஞ்சள் தீ எழும்பினாலோ எண்ணெய் பீச்சினாலோ பர்னர் சூடேறவில்லை என்று பொருள். மேலும் பம்ப் அடிக்காமல் காற்றைத் திறந்துவிடுங்கள்.

5. கடற்காற்றுக்கு மறைப்பு வைக்கலாம். ஆனால் டேங்கைச் சுற்றி முழுக்க அடைத்தால் டேங்க் சூடேறும். மூடிய கூடாரத்துக்குள் எந்த ஸ்டவ்வும் வேண்டாம். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

6. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்? ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். தீப்புண் பட்டால் இங்க் பூசாமல், 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நண்பர்களே, மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் ஓட்டலில் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுவோம். ஒரு வேளைச் சோற்றுக்காக ஒரு நண்பனைத் தீக்காய வார்டில் பார்க்கும் நிலை நமக்கு வேண்டாம். டிப்ளமோ படிக்கிற நாமே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?