எலிக்குக் கொடுத்த மாத்திரை

கேள்வி: என் தங்கை கர்ப்பிணி; மனச்சோர்வுக்கு ஃப்ளூக்ஸெட்டீன் சாப்பிடுகிறாள். குட்டி எலிகளை அது பாதித்ததாகப் படித்தேன். நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, அல்வால், ஹைதராபாத்

பதில்: நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு செய்த ஆய்வைத்தான் படித்திருப்பீர்கள். பிறந்த 2ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை குட்டிகளுக்கே நேரடியாக மருந்து கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு, கால் எட்டாத தண்ணீரில் விட்டால், ஆண் எலிகள் சீக்கிரமே நீந்துவதை விட்டுச் சோர்ந்து அப்படியே மிதந்தன. பெண் எலிகளோ எதிர்மாறாக அதிகம் போராடின! ஆண் எலிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி குறைந்திருந்தது. வளர்ந்த ஆண் எலிகளுக்கு வைட்டமின் பி3யின் ஒரு வடிவமான நிகோடினமைடைக் கொடுத்ததும் அந்தச் சோர்வு மாறியது. எனக்கு வியப்பே அதில்தான்: சிறுவயதில் விழுந்த தடம் பிற்பாடும் அழிகிறது. அதற்காக மருந்துக்கடைக்கு ஓடி பி3 வாங்க வேண்டாம். அது எலிக் கணக்கு.

சட்டென்று நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பலாம். அது தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல். மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். பிரசவத்தின்போது குழந்தை மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சில குழந்தைகளுக்கு முதல் நாட்களில் நடுக்கமும் எரிச்சலும் வரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.