சாட்சியே விசாரிக்காமல் வழக்கைத் தள்ளலாமா?

கேள்வி: அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை அண்ணன் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 20 நாள்தான் ஆகியிருந்தது, பேச்சுக்கூட வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர், ஆனால் பத்திரத்தில் கைரேகை மட்டும்தான். அவர் இறந்த பிறகு, சென்ற ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வழக்குப் போட்டேன். அண்ணன் மனு போட்டதும், ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் முன்சீப் கோர்ட்டில் நிராகரித்துவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய வழக்குரை நகலைப் படித்தேன். ஏழு பக்கத்தில் ‘பக்கவாதம்’ என்ற சொல்லே இல்லை. கைரேகையும் இல்லை. ஆறாவது பத்தியில், ‘பிரதிவாதி மோசடியாகவும் வஞ்சகமாகவும் மேற்படி ஆவணத்தை உண்டாக்கிக்கொண்டார்’ என்று ஒரே வரி. கோர்ட் வாசல் டைப்பிங் கடைகளில் இந்த வரி தயாராகவே இருக்கும், பெயரை மாற்றினால் போதும். எங்கள் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7வது கட்டளை, 11வது விதி, வழக்கு மூலம், அதாவது வழக்குத் தொடுப்பதற்கான காரணம், வெளிப்படாத வழக்குரையைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்கிறது. அப்போது நீதிபதி பார்ப்பது உங்கள் வழக்குரையையும் அதோடு தாக்கலான ஆவணங்களையும் மட்டுமே. அண்ணனின் பதிலைப் பார்க்கமாட்டார். நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியானாலும் பரிகாரம் கிடைக்குமா என்று பார்ப்பார். அதனால்தான் சாட்சிக்கு வேலையில்லை. மோசடி என்றால் யார், எப்போது, எப்படிச் செய்தார் என்ற விவரம் தேதியோடு வேண்டும் என்கிறது 6வது கட்டளை, 4வது விதி. சாமர்த்தியமான எழுத்தால் வழக்கு மூலம் இருப்பதுபோலத் தோற்றம் காட்டும் வழக்குகளை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இல் அறிவந்தாண்டம் வழக்கில் சொன்னதை இன்றும் எல்லாக் கோர்ட்டிலும் காட்டுகிறார்கள். உங்கள் வழக்கில் சாமர்த்தியம்கூட இல்லை, சோம்பல்தான்.

நிராகரிப்பு உத்தரவு சட்டப்படி தீர்ப்பாணைக்குச் சமம். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கேயும் அதே ஏழு பக்கத்தைத்தானே படிப்பார்கள்? எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 7வது கட்டளையின் 13வது விதிப்படி புது வழக்கே போடலாம். பழைய நிராகரிப்பு மட்டுமே அதற்குத் தடையாகாது. பத்திரத்தை ரத்து செய்யக் கோர, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு இருக்கிறது. சென்ற ஆண்டுதான் தெரிந்தது என்பதால் காலம் இருக்கிறது. வில்லங்கச் சான்றின் தேதியைப் புது வழக்குரையில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. முதல் வழக்கில் சொல்லாததை இப்போது ஜோடிக்கிறார் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பாவின் பழைய கையெழுத்து உள்ள பாங்க் பாஸ்புக் பாரம், பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஆகியவற்றை வழக்குரையோடே தாக்கல் செய்யுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் அண்ணனுக்கு என்ன உறவு என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நிராகரிப்பு உத்தரவின் நகலைப் படியுங்கள். காலாவதி என்ற காரணமும் அதில் இருந்தால் புது வழக்கு உதவாது. 30 நாள் முடிவதற்குள் மேல்முறையீடுதான் ஒரே வழி.