வளர்சிதைமாற்ற நோய்த்தொகையும் ‘பருமன்’ என்னும் சொல்லும்

பல்கலைக்கழகப் பருவத்தினரின் மிகை எடை குறித்துத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் ‘உடற்பருமன்’ என்னும் சொல்லோடு நின்றுவிடுகின்றனர். நோய் தொடங்கும் இடம் வேறு. 1988இல் ஜெரால்டு ரீவன் இன்சுலின் எதிர்ப்பை மையமாக்கிக் கோளாறுகளின் கூட்டத்தை விளக்கியபோது பருமனை அதில் சேர்க்கவில்லை. இன்றைய வரையறையிலும் எடை இல்லை. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நற்கொழுப்பு ஆகிய ஐந்தனுள் மூன்று பிறழ்ந்தால் அது நோய்த்தொகை.

தெற்காசிய ஆணுக்கு இடுப்பளவின் எல்லை 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.; ஐரோப்பிய ஆணுக்கோ 94 செ.மீ. உடல் நிறைக் குறியெண் 23ஐ எட்டினாலே இந்தியர் மிகை எடையினராகக் கொள்ளப்படுகின்றனர்; உலகப் பொது அளவு 25. தசை குறைந்து வயிற்றினுள் கொழுப்பு மிகும் உடலமைப்பே இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம். ஆகவே, பார்வைக்குப் பருமனாகத் தோன்றாத இருபது வயது மாணவரும் இத்தொகைக்குள் அடங்கக்கூடும். (‘தொப்பை’ என்னும் வழக்குச்சொல் இவ்விடத்தில் கலைச்சொல்லினும் துல்லியமானது.)

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் உடலின் பருமையைப் பேசவில்லை. முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதையே பேசுகிறது. காலையுணவைத் தவிர்த்து நள்ளிரவில் உண்ணும் விடுதி மாணவரை ஆராய்வோர்க்கு இக்கருத்து எடைக்கருவியினும் அணுக்கமானது. எடையை மட்டும் கேட்கும் வினாநிரல் அம்மாணவரை நலமுடையோர் பட்டியலில் வைத்துவிடும்.